தட்டில் இருந்த தீப்பெட்டி

1. தலை எண்ணெய்

நான் சேம்பர் ரூமுக்கு மாற்றலாகி வந்த முதல் நாள், டெக்னீஷியன் ரமேஷ் பையா என் கையில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொடுத்தார். "அம்மாஜி, பேஷன்ட் உயிர் இந்தத் தட்டில இருக்கு" என்று இந்தியில் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அதற்கு முன் பதினோரு வருஷம் அதே ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டித் துடைத்தேன். தில்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். நான் படித்தது புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை. இந்தி பேசுவேன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். யாரையும் முகம் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை. இந்த ரூமில் அதிகம் பேச வேண்டியிருக்காது என்றார்கள், அதனால் சரி என்றேன்.

சேம்பர் என்பது ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் காலில் வரும் ஆறாத புண், கேன்சருக்குக் கரண்ட் வைத்ததால் வந்த புண் இவற்றுக்கெல்லாம் அதில் படுக்க வைத்து, கதவை மூடி, உள்ளே ஆக்ஸிஜனைப் பிரஷரோடு ஏற்றுவார்கள். ஒரு சிட்டிங் ஒன்றரை மணி நேரம். முப்பது, நாற்பது சிட்டிங் ஆகும். ஏறும்போது காது அடைக்கும். எச்சிலை முழுங்கிக்கொண்டே இருக்கச் சொல்வோம். நம் மூச்சில் இருக்கும் ஆக்ஸிஜன் சாதாரணமாக ரத்தத்தில் போகாத இடத்துக்கெல்லாம் அப்போது போய், செத்துக்கொண்டிருக்கும் சதை பிழைத்துக்கொள்ளும் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்கள்.

ஆனால் அவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிற இடத்தில் ஒரு பொறி விழுந்தால் போதும். அதனால் போன், கைக்கடிகாரம், காது மெஷின், பல் செட், தைலம், தலை எண்ணெய், பவுடர், நைலான் துணி எதுவும் உள்ளே போகக்கூடாது. பருத்தி கவுன் மட்டும்தான். சட்டைப் பையைத் துழாவி, எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வைத்து, சிட்டிங் முடிந்ததும் எண்ணித் திருப்பிக் கொடுப்பது என் வேலை.

நம் ஊர்க்காரர்கள் வந்தால் முதலில் தலையைத்தான் பார்ப்பேன். ஒரு முறை ஒரு மாமி, "நான் நேத்திக்கே சீயக்காய் போட்டுத் தேய்ச்சுட்டேனே, வாசனைகூட இல்லையே" என்று சண்டைக்கு வந்தார். ரமேஷ் பையா ஒரு டிஷ்யூ காகிதத்தை மாமியின் வகிட்டில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். காகிதம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. "இந்தத் தலையில ஒரு கடாய் பக்கோடா போடலாம் அம்மாஜி" என்றார். மாமிக்கு இந்தி நன்றாகவே தெரியும். "போடுடா, நீயே தின்னு" என்று தமிழில் சொல்லிவிட்டுத் தலை அலசப் போனார்.

அப்படிச் சிரித்த நாட்களும் உண்டு. நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

2. கண்ணாடிப் பெட்டி

சங்கரலிங்கம் சார் திருநெல்வேலிப் பக்கம். மத்திய அரசு ஆபீஸில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர். முப்பது வருஷத்துக்கு மேல் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ், இப்போது துவாரகாவில் மகள் ஹேமாவோடு. ஹேமாவுக்கு ஏர்போர்ட்டில் வேலை. காலையில் அப்பாவையும் அம்மாவையும் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு டியூட்டிக்குப் போவாள். மத்தியானம் டாக்சி பிடித்து அவர்களே வீட்டுக்குப் போவார்கள்.

சாருக்கு இடது காலில், கட்டைவிரலுக்குக் கீழே புண். எட்டு மாதமாக ஆறவில்லை. அவருடைய மனைவி கோமதியம்மாவை வீட்டில் விட்டு வர முடியாது. அவருக்கு மறதி நோய். மகள் பெயர்கூடச் சில நாள் வராது. சாரை மட்டும் மறக்கவில்லை.

முதல் சிட்டிங்கில் கவுன் மாட்டி, பொறி வராமலிருக்கக் கையில் எர்த் பட்டை கட்டி, சாரைத் தள்ளி உள்ளே படுக்க வைத்துக் கதவை மூடினோம். அதுவரை பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோமதியம்மா எழுந்து வந்தார். கண்ணாடிக்குள் மல்லாந்து படுத்திருந்தவரைப் பார்த்தார். தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்பம் போனாவ? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. காலைல எனக்குச் சடை போட்டுவிட்டாவளே" என்று அழ ஆரம்பித்தார்.

நம் பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆளை எப்போது வைப்பார்கள் என்று ரமேஷ் பையாவுக்குத் தெரியாது. "என்ன ஆச்சு, பயமா?" என்று கேட்டார். நான் கோமதியம்மாவை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணாடி ஓரமாக நிறுத்தினேன். உள்ளே இருப்பவரோடு பேசும் போனை எடுத்து, "சார், கையைத் தூக்குங்க சார், அம்மாவுக்குத் தெரியணும்" என்றேன். அந்த ரூமில் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

சார் வலது கையைத் தூக்கி ஆட்டினார். கோமதியம்மா அழுகையை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்து நிமிஷத்தில் அது மறந்துவிட்டது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி, "எப்பம் போனாவ?"

அன்று முதல் அதுவே பழக்கமானது. மற்ற பேஷன்ட் எல்லாம் உள்ளே படுத்ததும் தூங்கிவிடுவார்கள். சார் ஒரு நாளும் தூங்கவில்லை. ஒன்றரை மணி நேரமும் தலையைப் பெஞ்சுப் பக்கம் திருப்பி வைத்திருப்பார். அம்மா தலை நிமிர்ந்தால் அவர் கை நிமிரும்.

ஒரு நாள் டிரஸ்ஸிங் மாற்றும்போது சார் என்னிடம், "இந்தக் கால் எனக்காக இல்லம்மா. சாயங்காலம் சொசைட்டிக்குள்ள ரெண்டு ரவுண்டு இவளக் கூட்டிட்டு நடக்கணும். நடந்தாத்தான் சாப்பிடுவா, உறங்குவா. வேற யாரு கையப் பிடிச்சாலும் வரமாட்டேங்கா. கால் போச்சுன்னா இவ பாடு என்னாவும், சொல்லு" என்றார்.

3. கண்ணாடிக் கூடு

மூன்றாவதோ நான்காவதோ சிட்டிங். சாருடைய பேன்ட் பையில் தீப்பெட்டி இருந்தது. மூக்குக் கண்ணாடி வைக்கும் கூட்டைத் திறந்தால், கண்ணாடிக்குக் கீழே மூன்று சிகரெட். வாயில் எப்போதும் கிராம்பு மணக்கும். அது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

ரமேஷ் பையா சிலிண்டர் பக்கம் இருந்தார். சார் என்னைப் பார்த்தார்.

"உள்ள கொண்டு போவலைல்லா, ஏம்மா? வெளியதான இருக்கு."

நான் கூட்டை மூடினேன்.

"நாப்பது வருஷப் பழக்கம். இப்பம் நாளைக்கு மூணுதான். இவளோட ராவும் பகலும் இருந்து பாரு, அப்பம் தெரியும். அந்த கேட் பக்கம் நின்னு இழுக்கேன் பாரு, அந்த அஞ்சு நிமிசந்தான் எனக்கு. ஹேமாகிட்ட சொல்லிராத தாயி."

பெரிய ஆபீசில் வேலை பார்த்தவர். என்னை விட மூத்தவர். தாயி என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. தீப்பெட்டியையும் கண்ணாடிக் கூட்டையும் தட்டில் வைத்து, மேலே அவருடைய கைக்குட்டையை விரித்து மூடினேன்.

நெருப்பு உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதைச் சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். சிட்டிங் முடிந்ததும் எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். கண்ணாடி, கைக்குட்டை, சாவி, பர்ஸ், தீப்பெட்டி. தினமும் அதே ஐந்து. என் கையாலேயே கொடுத்தேன். அவர் கோமதியம்மாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி கேட் பக்கம் போவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

4. இரண்டு பேர் கேட்டார்கள்

பத்து சிட்டிங் வரைக்கும் புண் நல்லபடி வந்தது. அடியில் சிவப்பாகச் சதை பிடித்தது. டிரஸ்ஸிங் சிஸ்டர் போட்டோ எடுத்துக் காட்டினார். சார், "ஏட்டி கோமதி, தீவாளிக்கு நாம ரெண்டு பேரும் சரோஜினி மார்க்கெட் போறோம். இந்தத் தடவையாவது ஒழுங்கா பேரம் பேசு" என்றார். கோமதியம்மா சிரித்தார். எதற்கு என்று தெரிந்து சிரித்தாரோ என்னவோ.

அப்புறம் புண் ஆறுவது நின்றுவிட்டது. பதினெட்டாவது சிட்டிங்கில் புண்ணின் ஓரம் சாம்பல் நிறமாக இருந்தது. சேம்பர் பேஷன்ட்டுகளைப் பார்க்கும் டாக்டர் மேடம் சாருடைய காலில் வட்ட வட்டமாக வில்லைகளை ஒட்டி, தோலில் எவ்வளவு ஆக்ஸிஜன் வருகிறது என்று மெஷினில் பார்த்தார். முகம் சரியில்லை. சர்க்கரைக் கணக்கைப் புரட்டினார், மருந்துச் சீட்டைப் புரட்டினார். பிறகு சாரிடம் இந்தியில் கேட்டார்.

"சங்கர்ஜி, ஸ்மோக்கிங் உண்டா? ஒளிக்காம சொல்லுங்க. உண்டுன்னா இந்த ட்ரீட்மென்ட்டுக்கே அர்த்தமில்ல."

"நோ மேடம். ரிட்டையர்மென்டோட விட்டாச்சு" என்றார் சார்.

நான் அவர் பின்னால் நின்றிருந்தேன். தட்டு என் கையில் இருந்தது. கைக்குட்டை மூடியிருந்தது. டாக்டர் மேடத்துக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. என்னிடம் கேட்கவில்லை. ஆயாவிடம் யார் கேட்பார்கள்? கேட்காததால் நான் பொய் சொல்லவில்லை என்று அன்று பஸ்ஸில் போகும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ஹேமா என்னிடமே கேட்டாள். இறக்கிவிட வந்தவள், அப்பா கவுன் மாற்றப் போன நேரம் பார்த்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். தில்லியில் பிறந்த பெண், தமிழ் கொஞ்சம் தடுக்கித்தான் வரும்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கணும். சச் சொல்லுங்க, மறைக்காம. அப்பா ஸ்மோக் பண்றாரா? நான் கேட்டா கோபம் வருது அவருக்கு. நீங்கதானே பாக்கெட் செக் பண்றீங்க?"

அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பாக இருந்தது. யூனிபார்மில் சட்டைப் பொத்தான் ஒன்றை மாற்றிப் போட்டிருந்தாள். நான் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"அச்சா. டீக் ஹே" என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

5. தூக்காத கை

இருபத்தாறாவது சிட்டிங் அன்று சார் வந்தபோதே கண் சிவந்திருந்தது. ஒவ்வொரு சிட்டிங்குக்கும் முன்னால் ஜுரமும் சர்க்கரையும் பார்ப்போம். ஜுரம் காட்டவில்லை. வீட்டிலேயே மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டு வந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் விட்டாலும் கால் கைவிட்டுப் போய்விடும் என்று பயம் அவருக்கு.

பிரஷர் ஏறி அரை மணி ஆகியிருக்கும். கோமதியம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன்.

"கையத் தூக்கலியே" என்றார் கோமதியம்மா.

மற்ற நாள் மாதிரி அழவில்லை. என்னைப் பார்த்து, நேற்றும் முந்தாநாளும் நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறவர் மாதிரி, "தூக்குவாவல்லா? தூக்கலியே" என்றார்.

பார்த்தேன். சாருடைய கண் திறந்திருந்தது. உடம்பு உதறியது. ரமேஷ் பையாவைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் போனில் பேசினார், பதில் இல்லை. உடனே பிரஷரை இறக்கத் தொடங்கினார். இறங்காமல் கதவைத் திறக்க முடியாது. என்னதான் வேகமாக இறக்கினாலும் சில நிமிஷம் ஆகும். முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கோமதியம்மா கண்ணாடிக்கு வெளியே தன் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஜன்னி கண்டிருந்தது. கட்டைப் பிரித்தபோது இரண்டு விரல் கறுத்திருந்தது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அப்படியே ஸ்ட்ரெச்சரில் மேலே கொண்டு போனார்கள். மறுநாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சாரை மேலே கொண்டு போன அன்று ஹேமா ஏர்போர்ட்டிலிருந்து ஓடி வந்தபோது சாமான்களை நான்தான் ஒப்படைக்க வேண்டும். கண்ணாடிக் கூட்டைத் திறந்து அந்த மூன்று சிகரெட்டையும் எடுத்தேன். தீப்பெட்டியோடு சேர்த்து என் ஏப்ரன் பையில் போட்டேன். மற்ற நாலையும் கொடுத்தேன். கால் போகப்போகிறது என்று தெரிந்த பிறகும் நான் ஒளித்தேன். சாருக்காக ஒளித்தேன் என்று அப்போது நினைத்தேன். உண்மையில் எனக்காகத்தான் ஒளித்தேன்.

ஒரு வாரம் பொறுத்து டாக்டர் மேடத்திடம் போய்ச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நாங்க ரத்தத்தில ஆக்ஸிஜனை ஏத்துறோம். சிகரெட் அந்த ரத்தம் போற குழாயைச் சுருக்கிடும். மூணு சிகரெட் கொஞ்சமில்ல அம்மாஜி" என்றார். பிறகு, "விட்டிருந்தாலும் கால் தங்கியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா தெரிஞ்சிருந்தா ஒரு வழி பார்த்திருப்பேன். பேசியிருப்பேன், மருந்து கொடுத்திருப்பேன், அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு உட்கார வெச்சிருப்பேன்" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை.

6. துவாரகா

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ பிடித்து துவாரகா போனேன். தீப்பெட்டி என் பையில் இருந்தது.

சார் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேன்ட்டின் இடது காலை மடித்து ஊசி குத்தியிருந்தது. "வாம்மா. சேம்பர்ல இப்பம் யாரு படுத்திருக்கா?" என்றார். சிகரெட் வாசனை இல்லை. ஆபரேஷன் ஆன நாளிலிருந்து தொடவில்லையாம். அவராகவே சொன்னார்.

கோமதியம்மா மெலிந்துவிட்டார். ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருந்தார். கதவு பூட்டியிருந்தது. சாயங்காலம் ஹேமா கீழே கூட்டிப் போகக் கையைப் பிடித்தால் உதறிவிடுகிறாராம். பார்த்துக்கொள்ளத் தனியாக வைத்த ஆளையும் அடித்துவிட்டாராம். சாப்பாடு இரண்டு வாய்தான்.

சமையலறையில் ஹேமா டீ போட்டாள். நான் தீப்பெட்டியை மேடையில் வைத்தேன்.

"இது அப்பாவோடதும்மா. தினமும் நான்தான் எடுத்து வெச்சு, திருப்பிக் கொடுத்தேன்."

அவள் தீப்பெட்டியைப் பார்த்தாள். அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"நான் கேட்டேன்ல ஆன்ட்டி?"

"கேட்டீங்கம்மா."

"பொத்தான் தப்பாப் போட்டிருந்தேன் அன்னிக்கு. டியூட்டில எல்லாரும் சிரிச்சாங்க. அதனால அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க தெரியாதுன்னீங்க."

"ஆமாம்மா."

அவள் டீயை வடிகட்டினாள். எனக்கும் ஒரு கப் ஊற்றி வைத்தாள். "ஆறிடும், குடிங்க" என்று சொல்லிவிட்டு அப்பாவின் கப்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். என்னை மன்னித்தாளா என்று தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமையில்லை. டீயைக் குடித்தேன். தீப்பெட்டி மேடையிலேயே இருந்தது.

புறப்படும்போது கோமதியம்மா என் வழியை மறித்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. "இவுக எப்பம் எந்திரிப்பாவ? இருட்டுறதுக்குள்ள நடக்கப் போவணும்லா?" என்றார்.

நாற்காலியிலிருந்து சார் வலது கையைத் தூக்கினார். கோமதியம்மா அதைப் பார்த்துவிட்டு மறுபடி பால்கனிப் பக்கம் நடந்தார்.

7. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த ரூமில் வேலை செய்தேன். பையில் தீப்பெட்டியோ லைட்டரோ இருந்தால் தட்டோடு நேராக டாக்டர் மேடத்தின் மேஜைக்குக் கொண்டு போனேன். ஒருவர், "சவுக்கிதார் வேலை பாக்குறியா, காவல் காக்குறியா?" என்று கேட்டார். ஒரு அம்மா தன் வீட்டுக்காரரை நான் காட்டிக் கொடுத்ததற்காக என்னோடு கடைசி சிட்டிங் வரை பேசவில்லை. அப்போதும் எனக்கு முகம் பார்த்துப் பேச வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். தரையைப் பார்த்துச் சொன்னாலும் டாக்டருக்குக் காது கேட்கும் என்பது எனக்கு அவ்வளவு காலம் தெரியாமல் போயிற்று.

சங்கரலிங்கம் சார் கெட்டவர் இல்லை. நான் அவருக்கு நல்லது செய்ததாகத்தான் அவர் நினைத்தார், நானும் நினைத்தேன். நம் ஆள், நம் பாஷையில் கேட்கிறார், எப்படிக் காட்டிக் கொடுப்பது என்று உங்களுக்கும் ஒரு நாள் தோன்றும். அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

இந்த வேலைக்குப் பெரிய படிப்பு வேண்டாம். பையைத் துழாவுங்கள். தலையில் எண்ணெய் பாருங்கள். எடுத்ததை எண்ணி வையுங்கள். தட்டை மூடாதீர்கள்.